பேய்க்கு வச்ச மைப்பொட்டு

மைப்பொட்டு வச்சது நான்தான். அத மொதல்லயே சொல்லிப்புடுறேன், ஏன்னா அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒரு கத கட்டி விட்டுட்டாங்க, களிமண்ணுல சுடுகாட்டு மண்ணு கலந்திருந்துச்சுன்னு ஒருத்தரும், அமாவாசையில ஆரம்பிச்ச வேலைன்னு ஒருத்தரும், மண்டபத்துக்கு அடியில பழைய கெணறு மூடிக் கெடக்குன்னு ஒருத்தரும் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க, ஒரு மண்ணும் கெடயாது, களிமண்ணு கடையில வாங்குன களிமண்ணு, மண்டபத்துக்கு அடியில இருக்கிறது செப்டிக் டேங்க். பொட்டு வச்சேன், பொம்ம பிள்ளையாயிருச்சு, அம்புட்டுத்தான். அதுக்கு மேல காரணம் கேக்குறவங்க எந்திரிச்சுப் போயி காப்பி குடிச்சிட்டு வரலாம்.

என் பேரு செண்பகவல்லி, கோவில்பட்டியில அழகு நிலையம் வச்சிருக்கேன், வருஷம் பூரா கல்யாணப் பொண்ணுங்களுக்கு அலங்காரம் பண்ணுவேன், மே மாசத்துல மூணு நாளு மட்டும் பேய்களுக்குப் பண்ணுவேன். தென்மாவட்டப் பேய்ப்பட ரசிகர் பேரவைன்னு ஒண்ணு எங்ககிட்ட இருக்கு, அதோட மாநாடு வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளும் எங்க ஊரு கல்யாண மண்டபம் ஒண்ணுலதான் நடக்கும், நாகர்கோவில்லருந்து திண்டுக்கல் வரைக்கும் ஆளு வரும், வர்றவங்க எல்லாம் யாருங்கிறீங்க, பேங்கு கிளார்க்கு, டிராக்டர் மெக்கானிக்கு, டியூஷன் டீச்சரு, கோழிப்பண்ண ஓனரு, வருஷம் பூரா மனுசனாவே இருந்து சலிச்சுப்போயி மூணு நாளாவது வேற எதாவதா இருப்போமேன்னு வர்ற சனங்க. மேடையில போன முகூர்த்தத்து தெர்மகோல் எழுத்து 'மணமக்களை வாழ்த்துகிறோம்'னு அப்படியே தொங்கும், அதுக்குக் கீழ ஒரு மூலையில கம்பியில எலும்புக்கூடு கட்டுற வகுப்பு, இன்னொரு மூலையில சிலிக்கான்ல தோலு வார்க்கிற வகுப்பு, மணமகள் அறையில நான் ஒக்காந்து வெட்டுக்காயம் வரையிறது எப்படின்னு சொல்லிக்குடுப்பேன், மணமகன் அறையில ஓவியருங்க நாலஞ்சு பேரு ஒக்காந்து, கேட்டவங்களுக்கெல்லாம் அவங்கவங்க முகத்தையே பேயா வரைஞ்சு குடுப்பாங்க. பந்தியில ரத்தக்காட்டேரிங்க மூணு பேரு பல்லக் கழட்டி எலை ஓரத்துல வச்சிட்டு ரெண்டாந்தடவ அப்பளம் கேப்பாங்க. இதெல்லாம் எங்களுக்குச் சகஜம்.

பேரவைக்குத் தலைவரு சுடலமுத்து அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ரத்தம் கலக்குற வகுப்பு பத்து இருவதுன்னா பத்து இருவதுக்கு விசிலு ஊதுவாரு, அரக்கனே ஆனாலும் லேட்டா வந்தா உள்ள விடமாட்டாரு.

இனி பிரமுவச் சொல்லணும். பிரமநாயகின்னு முழுப்பேரு. சாத்தூர்ல பல்லு செட்டு செய்யிற லேப்ல பதினெட்டு வருஷமா வேல பாக்குறா, அந்தப் பக்கத்துல பாதிக் கெழடுங்க அவ செஞ்ச பல்லுலதான் முறுக்கு கடிக்கிதுங்க. என்னய மதினி மதினின்னு கூப்பிடுவா, சொந்தம் ஒண்ணும் கெடயாது, பழக்கம்தான். ஒம்போது வருஷமா மாநாட்டுக்குப் பேரு குடுப்பா, ஒம்போது வருஷமும் வரமாட்டா. ஒரு வருஷம் மகளுக்கு அம்ம போட்டிருச்சு, ஒரு வருஷம் மாமியாளுக்கு இடுப்பு ஒடஞ்சிருச்சு, ஒரு வருஷம் புருசன் வீட்டுக் கோயில்ல கொடைத் திருவிழா, ஒரு வருஷம் மகளுக்குப் பன்னெண்டாப்பு, இப்படியே போச்சு. இந்த வருஷம் மக கோயம்புத்தூர்ல காலேஜு ஆஸ்டலுக்குப் போயிட்டா, மாமியா தன் மக வீட்டுக்குப் போயிட்டா, இவ துணி சுத்துன அட்டப்பெட்டி ஒண்ண நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வெள்ளிக்கெழம காலையில எட்டு மணிக்கெல்லாம் மண்டப வாசல்ல நிக்கிறா. கதவு தெறக்கிறதே ஒம்போதுக்குத்தான்.

இந்த வருஷம் ஒரு விசேஷம் இருந்துச்சு. சினிமாவுக்குப் பேய் பொம்ம செய்யிற ரூபன் சாரு மெட்ராஸ்லருந்து வந்திருந்தாரு, வகுப்பு எடுக்க, ஞாயித்துக்கெழம போட்டிக்கு நடுவரா இருக்க. போட்டியில யாரு பொம்ம பெருசா பயமுறுத்துதோ அவங்களத் தன்னோட பட்டறையில சேத்துக்கிறேன்னு முன்கூட்டியே சொல்லிட்டாரு, ரெண்டு வருஷ வேல, தங்க எடமும் குடுத்து.

"மதினி, இந்தத் தடவ நான் அவரு பட்டறைக்குப் போறேன்"ன்னா பிரமு, நான் அவளுக்குப் பேரும் பதிவு நம்பரும் போட்ட அட்ட எழுதிக் கழுத்துல மாட்டும்போது.

"கெடச்சாப் போ, அதுக்கென்ன."

"கெடச்சாங்கிற பேச்செல்லாம் இல்ல. போறேன்."

பெட்டியத் தெறந்தா, யாத்தே, நானும் எத்தனையோ பேயப் பாத்தவ, இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. ஒன்றரை முழ ஒசரம், தண்ணியில ஊறுன தோலு, வெரலு ஒவ்வொண்ணும் ஒரு நீளம், வாயத் தெறந்தாப்புல வச்சிருந்தா, உள்ள ரெண்டு வரிசையா அறுபத்து நாலு பல்லு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல, பதினெட்டு வருஷம் அடுத்தவங்களுக்கு ஒழுங்கான பல்லாச் செஞ்சு செஞ்சு கை ஏங்கிப்போயி கெடந்திருக்கும்போல, அம்புட்டு ஏக்கத்தையும் அந்த வாயில எறக்கிவச்சிருந்தா. ஏழு மாசம் செஞ்சிருக்கா, சமையக்கட்டுல, எல்லாரும் டிவி பாக்குற நேரத்துல.

சாயங்காலம் நாலு மணிக்குள்ள மண்டபமே அவ மேசையச் சுத்தி நிக்கிது. எலும்புக்கூடு வகுப்புல ஆளில்ல, தோலு வார்க்கிற வகுப்புல ஆளில்ல, அண்ணாச்சி விசிலா ஊதுறாரு யாரும் நகரல. மதுரைக்காரரு ஒருத்தரு, போன வருஷம் மொதப் பரிசு வாங்குனவரு, கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே, "உசுரோட இருக்குற மாதிரியே இருக்கேம்மா"ன்னாரு. சொல்லிட்டுச் சும்மா இருக்கணும்ல, ஒரு பெருமூச்சு வேற விட்டாரு. எனக்குத் திக்குன்னுச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, ஏழு மாசத்து வேல, ஞாயித்துக்கெழமைக்குள்ள கீழ விழுந்து நொறுங்கிருச்சுன்னா என்ன செய்யிறது?

இங்கதான் சிக்கலு. வண்டிக்குன்னா எலுமிச்சம்பழம் கட்டலாம். கடைக்குன்னா பூசணிக்கா ஒடைக்கலாம். வீட்டுக்குன்னா நாக்கத் தொங்கவிட்ட பேய் பொம்ம ஒண்ணு கட்டுவோம், ஆனா இது தானே பேய் பொம்ம, இதுக்கு மேல எதக் கட்ட? எவனும் இதுக்கு ஒரு மொற வச்சிட்டுப் போகல. என் கையில கண்மை இருந்துச்சு, பத்து வருஷத்துக்கு முந்தி என் பிள்ளைங்களுக்கு வச்ச கை பழக்கத்துல போயிருச்சு, எடது கன்னத்துல வட்டமா ஒரு பொட்டு வச்சிட்டேன்.

பொட்டு காயிறதுக்குள்ள அது கண்ணச் சிமிட்டுச்சு, வாயக் கோணுச்சு, கால ரெண்டையும் மடக்கி ஒதைச்சு ங்ஙான்னு ஒரு அழுக அழுதுச்சு.

கூட்டத்துல மொதல்ல வாயத் தெறந்தது ஓநாய் வேசம் போட்ட பேங்கு கிளார்க்குதான். "கழுத்தப் பிடிங்க, கழுத்தப் பிடிங்க, தலை நிக்காது"ன்னு கத்துனாரு. பிரமு சட்டுன்னு கழுத்துக்கடியில கையக் குடுத்துத் தூக்கிட்டா, தூக்குனதும் அழுக நின்னுபோச்சு. பசிக்குதோன்னு ஒருத்தரு, காத்து போதலன்னு ஒருத்தரு, எல்லாரும் தள்ளி நில்லுங்கன்னு ஒருத்தரு, டியூஷன் டீச்சரு ஓடிப்போயி வெந்நி வாங்கிட்டு வந்தாங்க, சமையக்காரரு சீனித் தண்ணியும் அதப் புகட்டப் பாலாடையும் குடுத்தனுப்பினாரு. அது பாலாடைய விளிம்புல கடிச்சு வளைச்சிருச்சு. பிறந்து கா மணி நேரமாகல, அறுபத்து நாலு பல்லு, என்ன செய்யும் பாவம்.

அண்ணாச்சிக்குத்தான் கஷ்டமாப் போச்சு. பேரவை விதியில ஏழாவது விதி, பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு அனுமதி இல்ல, பயந்துரும். கமிட்டியக் கூட்டிட்டாரு. பேயின்னா அது காட்சிப்பொருளு, மேசையில இருக்கலாம், பிள்ளையின்னா அம்மாவோட வெளிய போகணும், ரெண்டுல எதுன்னு சொல்லுங்கன்னு கேட்டாரு. பல்லு எண்ணிப் பாத்தா பேயி, அழுகையக் கேட்டா பிள்ள, ஒரு மணி நேரம் சண்ட போட்டாங்க. கடைசியில கோழிப்பண்ணக்காரரு, "அண்ணாச்சி, அட்ட போட்டுட்டா அது ரசிகரு, ரசிகர வெளிய போச் சொல்ல விதி இல்ல"ன்னாரு. சரின்னு நான் அட்ட எழுதுனேன். பேருன்னு எடத்துல என்ன எழுதன்னு கேட்டா பிரமு மொறைக்கிறா. "பேரெல்லாம் வைக்காதீங்க மதினி, பேரு வச்சா என் தலையில கட்டிருவீங்க." பதிவு நம்பர மட்டும் எழுதுனேன், முன்னூத்திப் பன்னெண்டு. அதுவே பேராயிருச்சு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் என்னமோ முன்னாலயே பேசி வச்ச மாதிரி நடந்துச்சு. எலும்புக்கூடு தொங்குன கம்பியிலருந்து எலும்புக்கூட எறக்கி வச்சிட்டு என் சேலையில தொட்டில் கட்டுனோம், ஓவியருங்க வகுப்ப விட்டுட்டு வந்து தொட்டிலுக்கு மேல தொங்கவிட அட்டையில வௌவாலு வெட்டிக் குடுத்தாங்க, சிலிக்கான் வகுப்புல மிச்சம் இருந்த சிலிக்கான்ல கடிக்கிறதுக்கு வளையம் வார்த்தாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு வேணும், அதுக்கு மேல தாங்காது. தாலாட்டுப் பாடுனா வீல்வீல்ன்னு கத்துச்சு. எதேச்சையா திண்டுக்கல்காரரு ஒருத்தரு மைக் டெஸ்ட்டுன்னு ஊளையிட்டாரு பாருங்க, சொக்கித் தூங்கிருச்சு, அன்னையிலருந்து ஆளுக்குக் கா மணி நேரம் மொற போட்டு ஊளையிட்டோம், பேங்கு கிளார்க்குக்குத் தொண்ட கட்டிப்போச்சு. பேய்ப்படம் போடுற அறையில, பொம்பள அலறுற கட்டமெல்லாம் வந்தா, அது தூக்கத்துல சிரிக்கும். கன்னத்துப் பொட்ட எண்ணெய தொட்டும் ஸ்பிரிட்டு தொட்டும் தொடைச்சுப் பாத்தேன், அழியல, கூச்சத்துல அது காலத்தான் ஒதைச்சுச்சு. எலுமிச்சம்பழம் கட்டியிருந்தா வண்டியா ஓடிருக்கும்லன்னு சுத்தி நின்னவங்க கிண்டல் வேற.

எல்லாம் சரி. ஆனா முன்னூத்திப் பன்னெண்டு தூங்குற நேரம் போக மீதி நேரத்துக்கு பிரமு கைதான் வேணும்னுச்சு. அடுத்தவங்க தூக்குனா ஒரு ஊளைக்கு மேல தாங்காது. சனிக்கெழம காலையில ரூபன் சாரு வகுப்பு, கண்ணாடிக் கண்ணு பதிக்கிறது எப்படின்னு, இந்த மாதிரி ஒரு வகுப்புக்குத்தான் பிரமு ஒம்போது வருஷமாக் காத்துக் கெடந்தா. உள்ள போயி அஞ்சு நிமிசம் ஒக்காந்திருப்பா, வெளிய அழுகச் சத்தம், ஆம்பளைங்க ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னு, "ஒன்னத்தாம்மா தேடுது"ன்னாங்க. எந்திரிச்சுப் போனா. திரும்ப வந்து ஒக்காந்தா. திரும்பவும் தூக்கிட்டு வந்துட்டாங்க. மூணாந்தடவ ரூபன் சாரே சிரிச்சுக்கிட்டு, "மொதல்ல பிள்ளையப் பாருங்கம்மா, கண்ணு எப்பவும் பதிச்சுக்கலாம்"ன்னாரு. ரொம்ப நல்ல மனுசன், தன்மையாத்தான் சொன்னாரு. பிரமு முகம் செவந்துபோச்சு.

மத்தியானத்துக்குள்ள மண்டபத்துல ஒரே பேச்சு. தாய்மைய விடப் பெருசு உண்டாங்கிறாங்க. இந்தப் போட்டி கீட்டியெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாமேங்கிறாங்க. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தாலே புண்ணியம், இது நீ செஞ்ச பிள்ளையாச்சேங்கிறாங்க. மதுரைக்காரரு வந்து, "தங்கச்சி, கடவுளாப் பாத்துக் குடுத்திருக்காரு, பரிச விட இது பெரிய பரிசு"ன்னாரு, அந்தாளுக்குப் போட்டியில ஒரு ஆளு கொறஞ்சா நல்லதுதான், ஆனா நெசமாவே கண்ணுல தண்ணி வச்சிருந்தாரு, அதையும் சொல்லணும்.

"அண்ணே, பெத்தது ஒண்ணு, அத வளத்து காலேஜுக்கு அனுப்பியாச்சு"ன்னா பிரமு. "இத நான் பெக்கல. செஞ்சேன். பயமுறுத்துறதுக்குச் செஞ்சேன்."

"அப்படிச் சொல்லாதம்மா, பிள்ள காதுல விழும்."

"விழட்டும்."

அவ புருசன் போன் பண்ணுனாரு. நடந்தத ஒண்ணு விடாமச் சொன்னா. பொம்ம உசுரு வந்ததப் பத்தி அந்த மனுசன் ஒரு வார்த்த கேக்கல. "சரி விடு, வரும்போது தூக்கிட்டு வந்துரு, அம்மாவத் திரும்பக் கூட்டிட்டு வந்துரலாம், நீயும் லேப் வேலைய விட்டுட்டு வீட்டோட இருந்தாப் போச்சு"ன்னாரு. ரெண்டு நிமிசத்துல எல்லாத்துக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிட்டாரு. பிரமு போன அமத்திட்டு, அழுத பிள்ளையத் தூக்கப் போயிட்டா.

சாயங்காலம் மணமகள் அறையில நானும் அவளுமா ஒக்காந்திருந்தோம். முன்னூத்திப் பன்னெண்டு அவ சுண்டு வெரலப் பிடிச்சுக்கிட்டு, பல்லு படாம உதட்ட மட்டும் வச்சு சப்பிக்கிட்டிருந்துச்சு, ஒரே நாள்ல கத்துக்கிருச்சு, அடுத்தவங்க வெரலுன்னா கடிச்சிரும். பிரமு அழுதுட்டா.

"மதினி, எனக்கு இது மேல ஆச வந்துருச்சு. அதான் பயமா இருக்கு. ஆச வந்தா என்னாகும்னு எனக்குத் தெரியும், ஒம்போது வருஷம் எங்க போச்சுன்னே தெரியாமப் போச்சு. எம் மக மேல எனக்குக் கோவமே கெடயாது மதினி, சத்தியமா. ஆனா ஒரு ஆளாவது, ஒரு நாளாவது, நீ போ நான் பாத்துக்கிறேன்னு சொல்லிருக்கலாம்ல?"

பொட்டு வச்ச கை என் கை. "ஏளா, நாளைக்கு நான் பாத்துக்கிறேன்"ன்னேன். அவ மூக்கச் சிந்திட்டு, "ஒங்ககிட்ட அது இருக்காது. தவிர போட்டிக்கு அது வேணும், அதுதான என் பொம்ம"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் அது மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. ஆத்தாடி, அவ பாத்த பார்வ பிள்ளையப் பாக்குற மாதிரி இல்ல, லேப்ல அச்சுல எடுத்த பல்ல வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பாளே, எங்க கடிக்கும் எங்க கடிக்காதுன்னு, அப்படிப் பாத்தா.

ஞாயித்துக்கெழம போட்டி பன்னெண்டு மணிக்கு. எங்க போட்டி மொறைய ஒங்களுக்குச் சொல்லணும். கைதட்டலுக்குப் பரிசு குடுத்தா அவனவன் ஊர்லருந்து வேன் வச்சு ஆளக் கூட்டிட்டு வந்துர்றான்னு, நாலு வருஷமா நாங்க நாடி பாத்துத்தான் குடுக்குறது. கொரோனா நேரத்துல வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்டோமே வெரல்ல மாட்டுற மீட்டரு, அத நடுவரு வெரல்ல மாட்டிவிட்டு, எதுத்தாப்புல பொம்மைய வச்சு, ஒரு நிமிசம். செஞ்சவங்க கூட நிக்கக்கூடாது, மேடைய விட்டு எறங்கிரணும். நாடி எத்தன ஏறுதோ அத்தன மார்க்கு. கேமரா வச்சு மீட்டரப் பெரிய திரையிலயும் காட்டுவோம். ரூபன் சாருக்கு நாடி எழுவத்தி ரெண்டு. முப்பது வருஷமா பேயோட பேயா இருக்கிற மனுசன், எதப் பாத்தாலும் எழுவத்தி நாலத் தாண்டாதுன்னு அவரே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

போட்டிக்கு முன்னால அவரு பிரமுவத் தனியாக் கூப்பிட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.

"அம்மா, ஒங்க வேலைய வெள்ளிக்கெழமையே பாத்தேன், அந்த மாதிரிப் பல்லு நான் செஞ்சதில்ல. ஆனா இப்ப அத வச்சு யாரு பயப்படுவா சொல்லுங்க? ரெண்டு நாளா மண்டபமே தூக்கிக் கொஞ்சுது. பேர வாபஸ் வாங்கிக்கங்க, அடுத்த வருஷம் வேற ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வாங்க."

"எத்தனாவது நம்பரு சார் நான்?"

"கடைசி. பதினொண்ணு."

"அப்பப் பதினொண்ணுல கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டா.

அவரு சொன்னதுல தப்பு இல்ல. பழகப் பழகப் பாலும் புளிக்கும், பேயி புளிக்காதா? காக்கைக்குத்தான் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க, எங்களுக்கு அந்த அறுபத்து நாலு பல்லுக் குஞ்சு பொன் குஞ்சாப் போயிருச்சு. அது கொட்டாவி விட்டா மூணு வரிசை ஆளு சேந்து கொட்டாவி விட்டோம்.

மணி பன்னெண்டு, அண்ணாச்சி விசிலு ஊதுனாரு. பன்னெண்டுக்கே கீழ சாப்பாட்டுக் கூடத்துல மொதப் பந்தி, ரெண்டையும் ஒரே நேரத்துல போட்டிருக்கீங்களே அண்ணாச்சின்னு கேட்டா, அட்டவணை அட்டவணைதான்னாரு, ஒருத்தரும் சாப்பிடப் போகல. மதுரைக்காரரோட பொம்ம, தூக்குல தொங்குற பொம்பள, திடீர்னு கண்ணத் தெறக்கும், எழுவத்தி ரெண்டு எழுவத்தி ஆறாச்சு, கூட்டம் எந்திரிச்சுக் கை தட்டுச்சு, இது வரைக்கும் அந்த மனுசனுக்கு யாரும் நாலு ஏத்துனதில்ல. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் ஒண்ணு, ரெண்டு. ஒரு சவப்பெட்டிக்கு ஒண்ணு எறங்கவே செஞ்சுச்சு.

பதினொண்ணு.

பிரமு முன்னூத்திப் பன்னெண்ட இடுப்புல வச்சுக்கிட்டு மேடையேறுனா. கூட்டமெல்லாம் கொஞ்சுது, பட்டுங்கிறாங்க, செல்லங்கிறாங்க, ஊளையிடுறாங்க. மேசையில வைக்கணும், மேசையில வைக்கல. நேரா ரூபன் சாருகிட்டப் போயி அவரு மடியில வச்சா. அவரு பாவம், மீட்டரு மாட்டுன வெரல ஒதுக்கிக்கிட்டு ஒத்தக் கையில ஏந்துனாரு.

"கழுத்து"ன்னா பிரமு.

அவரு பதறி ரெண்டாவது கையையும் குடுத்தாரு. எழுவத்தஞ்சு.

"ஒங்களுக்குப் பிள்ளைங்க உண்டா சார்?"

"மூணும்மா. பெரியவன் கனடாவுல இருக்கான்."

"மூணுல எதையாவது ஒரு நாளு தனியாப் பாத்திருக்கீங்களா? வீட்டுல வேற யாரும் இல்லாம?"

அவரு யோசிச்சாரு. நல்ல மனுசன்னு சொன்னேன்ல, பொய் சொல்லல. இல்லம்மான்னு தலைய ஆட்டுனாரு.

பிரமு குனிஞ்சு அது நெத்தியில ஒரு முத்தம் குடுத்தா, மாநாடு முழுக்க அவ குடுத்த மொத முத்தம் அதுதான். அப்புறம் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பசிக்கும். பசியிலயும் அழும், தூக்கத்துக்கும் அழும், வயித்து வலிக்கும் அழும், மூணும் ஒரே மாதிரி இருக்கும். கடிக்கும். கீழ போட்டுறாதீங்க. நான் சாப்பிடப் போறேன்"ன்னு சொல்லிட்டு, விதிப்படி மேடைய விட்டு எறங்கி, கூட்டத்துக்கு நடுவால நடந்து, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போற படியில எறங்கிப் போயிட்டா. திரும்பிப் பாக்கல. அவ மேடைய விட்டு எறங்குனதுமே அண்ணாச்சி நிமிசத்துக்கு விசிலு ஊதிட்டாரு.

அது அவ போன தெசையவே பாத்துச்சு. ஒதட்டப் பிதுக்குச்சு. அப்புறம் வாயத் தெறந்துச்சு, அம்மாடி, அந்த ரெண்டு வரிசப் பல்லும் ரூபன் சாரு மூஞ்சிக்கு ஒரு சாண் தூரத்துல, ங்ஙான்னு ஒரு சத்தம் மண்டபத்து டியூப் லைட்டெல்லாம் அதிருற மாதிரி. எம்பத்தி எட்டு. அவரு ஆட்டிப் பாத்தாரு. தொண்ணூத்தஞ்சு. ஊளையிட்டுப் பாத்தாரு, நல்லாவே இட்டாரு, ஆனா அது நிக்கல. நூத்தி ஏழு. "அம்மா"ன்னு கூப்பிட்டாரு. "யம்மா, எப்ப வருவீங்க?" படியில யாரும் இல்ல. நூத்திப் பத்தொம்போது. பக்கத்துல ஒக்காந்து மார்க்கு எழுதுறவருகிட்ட நீட்டுனாரு, அவரு நாற்காலியோட தள்ளிப் போயிட்டாரு. கூட்டத்தப் பாத்து, "யாராவது"ன்னாரு. முன்னூறு பேரு, ரெண்டு நாளா தாய்மை தாய்மைன்னு கண்ணத் தொடைச்ச முன்னூறு பேரு, மதுரைக்காரரு குனிஞ்சு செருப்ப மாட்டுறாரு, பேங்கு கிளார்க்கு தொண்டையப் பிடிச்சுக்கிட்டு இருமுறாரு, முன் வரிசையில இருந்த ஆம்பளைங்க எல்லாரும் நாற்காலியோட ரெண்டடி பின்னால போனாங்க, பேய்ப்பட ரசிகர் பேரவை ஆரம்பிச்ச நாள்லருந்து முன் வரிசை பின்னால போயி நான் பாத்ததில்ல. நிமிசம் முடிஞ்சு அண்ணாச்சி விசிலு ஊதும்போது திரையில நூத்தி நாப்பத்தி ஒண்ணு.

விசிலு ஊதியாச்சு, போட்டி முடிஞ்சிருச்சு, ஆனா மடியில இருக்கிறது முடியலையே. நான் படியில எறங்கி ஓடுனேன்.

கூடத்துல அத்தன நீளப் பந்தியில அவ ஒருத்திதான் ஒக்காந்திருந்தா. எல போட்டு, தண்ணி தெளிச்சு, சோத்துல சாம்பார ஊத்திப் பெசஞ்சுக்கிட்டிருந்தா, ஆவி பறக்குது. அவ அவசரமில்லாம ஒரு வாயி எடுத்து வைக்கிறத அன்னைக்குத்தான் நான் பாத்தேன்.

"ஏளா, நூத்தி நாப்பத்தி ஒண்ணு!"

கண்ணுல தண்ணி நெறஞ்சுருச்சு அவளுக்கு, ஆனா மென்னு முழுங்கிட்டுத்தான் பேசுனா. "கீழ போடலியே?"

"போடல. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

மேல மைக்குல ரூபன் சாரு கொரலு கேக்குது, அழுகச் சத்தத்துக்கு நடுவுல, "அம்மா, பிரமநாயகி அம்மா, வேல ஒங்களுக்குத்தாம்மா, மெட்ராஸ்ல தொட்டில் கட்டித் தாரேன், பாத்துக்க ஆளு போடுறேன், நானே கூடப் பாத்துக்கிறேன், மொதல்ல கொஞ்சம் மேல வாங்கம்மா"ன்னு.

பிரமு எலையப் பாத்தா, என்னயப் பாத்தா.

"வாரேன்னு சொல்லுங்க மதினி"ன்னா. "இன்னும் ரசம் இருக்கு, மோரு இருக்கு."